ஆயிரம் கைகளும் ஒரு கணக்கும்

"மழை வருமா?" என்னும் வினா உழவர்க்கே உரியது என்று பலரும் எண்ணுவர். யான் பிறந்த ஊராகிய தாயில்பட்டியில் அவ்வினாவை உழவரினும் மிகுதியாகப் பட்டாசுத் தொழிலாளரே நாள்தோறும் வினவுகின்றனர். வெம்பக்கோட்டையை அடுத்துக் கரிசல் நிலத்தில் அமைந்த எம்மூரிலும், சூழவுள்ள சிவகாசி, சாத்தூர்ப் பகுதிகளிலும் இத்தொழில் வேரூன்றியதற்கு வானம் வறண்டு கிடப்பதும் ஒரு காரணமாகும். பசையிட்டுச் சுருட்டிய காகிதக் குழலும், மருந்து அடைத்த வெடியும் வெயிலில் உலர்தல் வேண்டும். மழை வந்தால் ஒரு நாள் உழைப்பு வீணாகும்; சில மருந்துக் கலவைகளில் ஈரம் புகுந்தால் அதுவே தீங்கிற்கும் வித்தாகும். ஆதலின், காலையில் வேலைக்குப் புறப்படும் என் அன்னையார் வாயிலில் நின்று ஒருமுறை வானத்தை நோக்கிவிட்டே அடியெடுத்து வைப்பார்.

இக்காலத்தில் வானிலை அறிக்கை கைபேசியிலேயே வந்துவிடுகின்றது. விருதுநகர் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் மழை பெய்யக்கூடும் என்று அதில் காணும் ஒரு வரிக்குப் பின்னே எத்துணை உழைப்பு இருக்கின்றது என்பதை யான் பலகாலம் எண்ணியதில்லை. விடுதியில் உடனுறையும் இயற்பியல் மாணவர் ஒருவர், அவ்வரி பிறப்பதற்கு உதவுவன புனேயிலும் நொய்டாவிலும் உள்ள மாபெரும் கணிப்பொறிகளே என்றும், ஒரே பொறியினுள் நூறாயிரம் கணக்கர் அமர்ந்து கணக்கிடுவதாகக் கருதிக்கொள்ளலாம் என்றும் ஒரு நாள் கூறினார். "அப்படியானால் ஒரு கணக்கர் நூறாயிரம் நாளில் செய்வதை அப்பொறி ஒரே நாளில் முடித்துவிடுமன்றோ?" என்று வினவினேன். அவர் நகைத்து, "உங்கள் ஊர்ப் பட்டாசு ஆலையில் ஆளை இரட்டித்தால் சரக்கும் இரட்டிக்குமா?" என்று என்னையே திருப்பி வினவினார்.

அவ்வினாவின் விடை எனக்குத் தெரியும், இரட்டிக்காது. ஏன் இரட்டிக்காது என்பதும் ஓரளவு தெரியும். யாப்பும் இலக்கணமும் பயிலும் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன் கணிப்பொறியைப் பற்றி எழுதத் துணிந்தமைக்கு அந்த ஊரறிவே காரணம். அறிவியல் பயிலாத நண்பர்களுக்கும் விளங்குமாறு, பல கைகள் ஒரு கணக்கைப் பகிர்ந்து செய்வதில் உள்ள அருமையை இங்குக் கூற முயல்வேன்.

முதற்கண், வானிலையைக் கணக்கிடுதல் யாது என்பதை நோக்குவோம். வயலை வரப்புகளாற் பாத்தி பாத்தியாகப் பிரிப்பதுபோலப் பூமியைச் சூழ்ந்த காற்று மண்டலத்தைக் கணித நூலார் கட்டங்களாகப் பிரிக்கின்றனர். தரையில் ஒரு கட்டம். அதன் மேல் அடுக்கடுக்காகப் பல கட்டங்கள். ஒவ்வொன்றிலும் காற்றின் வேகம், அழுத்தம், வெப்பம், ஈரம் ஆகியவை இந்நொடியில் எவ்வளவு என்பதை அளவீடுகளைக்கொண்டு குறிக்கின்றனர். பின்னர், இயற்பியல் விதிகளைக்கொண்டு சில நிமிடங்கள் கழித்து அவை எவ்வளவாகும் என்று ஒவ்வொரு கட்டத்திற்கும் கணக்கிடுகின்றனர். அவ்விடையிலிருந்து அடுத்த சில நிமிடங்கள்; அதிலிருந்து அதற்கடுத்த சில நிமிடங்கள். இவ்வாறு அடி அடியாக நடந்து பத்து நாள் வரையிற் செல்கின்றனர்.

கட்டம் பெரிதாயின் கணக்குச் சிறிதாகும். ஆனால் கட்டத்தினுள் நிகழும் நுட்பங்கள் கணக்கில் அகப்படா. இதனால் விளையும் இடர் தென்தமிழ்நாட்டார்க்கு நன்கு தெரியும். 2023-ஆம் ஆண்டு திசம்பர் 18-ஆம் நாட் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பெய்தது. தாமிரபரணி கரைபுரண்டது, தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் ஊர்கள் நீரிற் சூழப்பட்டன, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட புகைவண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நின்று, பயணிகள் நூற்றுக்கணக்கானோர் இரண்டு நாள் அங்கே சிக்கியிருந்தனர். வானிலைத் துறையின் வகுப்பில் 20 செ.மீ.க்குச் சற்று மேற்பட்ட மழை எல்லாம் 'அதிகனமழை' என்னும் ஒரே பெயரைப் பெறும். இருபத்தொன்றும் அதிகனமழை, தொண்ணூற்றைந்தும் அதிகனமழை. அவ்விரண்டினையும் முன்கூட்டியே வேறுபடுத்தி, எந்த ஊரில் எவ்வளவு என்று கூற வேண்டுமானால் கட்டம் சிறிதாதல் வேண்டும்.

சிறிதாக்குவதன் விலையை எண்ணிப் பார்ப்போம். பூமியின் பரப்பு ஏறத்தாழ 51 கோடிச் சதுரக் கிலோமீட்டர். 12 கி.மீ. பக்கமுள்ள கட்டங்களாகப் பிரித்தால் தரைமட்டத்தில் மட்டும் சுமார் 35 இலட்சம் கட்டங்கள் உண்டாகும். பக்கத்தை 6 கி.மீ. ஆகக் குறைத்தால் அவை 1 கோடியே 40 இலட்சமாகும். அதாவது நான்கு மடங்கு. அம்மட்டோ? காற்று ஓர் அடியில் ஒரு கட்டத்திற்கு மேல் தாவிச் செல்லுமாறு கணக்கிட்டால் விடை நிலைகுலைந்து போகும் என்பதை 1928-இல் கூரான்ட், பிரீட்ரிக்ஸ், லூயி என்னும் மூவர் காட்டினர். ஆகவே, கட்டம் பாதியானால் கால அடியும் பொதுவாகப் பாதியாக வேண்டும். நான்கு மடங்கு கட்டங்கள், இரு மடங்கு அடிகள். ஆகக் கணக்கு எட்டு மடங்காயிற்று. இத்தனையும் மழைக்கு முன்னர் முடிதல் வேண்டும். நாளைய மழையை நாளை மறுநாள் கணித்து ஆவதென்ன?

பல கைகளால் இக்கணக்கைச் செய்யலாம் என்று முதலில் எண்ணியவர் லூயிஸ் பிரை ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலேயர். போரை வெறுத்த குவேக்கர் சபையினராகிய இவர், முதல் உலகப் போரின்போது பிரான்சு நாட்டில் காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் வண்டியோட்டியாகப் பணியாற்றினார். அப்பணிக்கு இடையே, 1910-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாளின் வானிலையை ஆறு மணி நேரத்திற்குக் கையாற் கணக்கிட்டுப் பார்த்தார். கணக்கு முடிய ஏறத்தாழ ஆறு வாரம் ஆயிற்று. விடையும் பிழைத்தது, அழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்று கணக்குக் கூறியது, உண்மையிலோ அது பெரிதும் மாறவேயில்லை. அப்பிழையையும் மறையாது 1922-இல் தம் நூலில் அச்சிட்டார். அந்நூலிலேயே ஒரு கனவினையும் எழுதினார். மிகப் பெரியதொரு வட்ட அரங்கு. சுவர் முழுதும் உலகப் படம். அதில் 64,000 கணக்கர் அமர்ந்து தத்தம் நிலப்பகுதியின் வானிலையைக் கணக்கிடுகின்றனர். நடுவே உயர்ந்த மேடையில் தலைவர் ஒருவர் நிற்கின்றார். முந்தி ஓடும் பகுதியின்மேல் செவ்வொளியும், பிந்தி நிற்கும் பகுதியின்மேல் நீல ஒளியும் வீசி எல்லோரையும் ஒருசேர நடத்துவதே அவர் பணி. கணக்கர் பலராயினால் அவரை ஒருப்படுத்துவதே பெருந்தொழில் என்பதை, மின்கணிப்பொறி தோன்றுமுன்னரே அவர் உணர்ந்திருந்தமை வியப்பன்றோ?

பின்னர் வந்த கணிப்பொறிகள் பல்லாண்டுகள் வேறு வழியிற் சென்றன. 1950-இல் அமெரிக்காவின் எனியாக் பொறியில் முதல் வானிலைக் கணக்குச் செய்தபோது, 24 மணி நேர வானிலையைக் கணக்கிட ஏறக்குறைய 24 மணி நேரமே பிடித்தது. அதன்பின் ஒற்றைக் கணக்கரின் வேகத்தையே ஆண்டுதோறும் பெருக்கினர். செயலியின் ஒரு துடிப்பிற்கு ஒரு வேலை என்று கொண்டால், துடிப்பு விரைந்தால் வேலையும் விரையும். பழைய நிரலை ஒரு வரியும் மாற்றாது புதிய பொறியில் இட்டாலே போதும்; விரைவு தானே வந்தது. அந்நற்காலம் 2005-ஆம் ஆண்டளவில் முடிவுற்றது. நொடிக்கு 300, 400 கோடித் துடிப்புகளை எட்டியதும், செயலியில் எழும் வெப்பத்தை வெளியேற்ற இயலாமற்போயிற்று. அதன்மேல் பொறியியலார் ஒரே சில்லில் பல கணக்கரை அமர்த்தத் தொடங்கினர். இக்கணக்கர் ஒவ்வொருவரையுமே 'கோர்' என்கின்றனர். தமிழிற் கரு எனலாம். கருக்கள் பல பொதிந்ததே பல்கருச் செயலி.

இந்தியாவில் 2018-இல் புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தில் 'பிரத்யூஷ்' என்னும் பொறி நிறுவப்பெற்றது. அதன் செயலி ஒவ்வொன்றிலும் 18 கருக்கள். உலகப் பெரும்பொறிகளின் பட்டியலில் இடம்பெற்றபோது அதில் எண்ணப்பட்ட கருக்கள் 1,19,232. நொய்டாவில் அமைந்த 'மிஹிர்' என்னும் துணைப் பொறியில் 83,592. ரிச்சர்ட்சன் கனவு கண்ட அரங்கினும் பெரிய அரங்குகள் நம் நாட்டில் எழுந்துவிட்டன. ஆனால், அக்கரு ஒவ்வொன்றும் பழைய ஒற்றைக் கணக்கரினும் மிக விரைந்தது அன்று. விரைவு வேண்டுமாயின், வேலையை நூறாயிரம் பங்காகப் பிரித்துக் கொடுக்கும் திறம் நிரலில் இருத்தல் வேண்டும். இத்திறம் நிரலுக்குத் தானே வருவதில்லை.

இனி என் ஊருக்கு வருவேன். பட்டாசு ஆலையைப் பாராதார் அதனை ஒரு பெரிய கூடமாக எண்ணிக்கொள்வர். உண்மையில், அது ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் பல சிறு அறைகளின் தொகுதி. மருந்தோடு வேலை செய்யும் அறையில் ஒரே நேரத்தில் நால்வருக்கு மேல் இருத்தலாகாது என்பது சட்டம். ஓர் அறையில் தீ நேர்ந்தால் அடுத்த அறை தப்ப வேண்டும் என்பதே அதன் நோக்கம். அவ்விதியை மீறி ஆள் நெருங்கிய இடங்களில் நேர்ந்த இழப்புகளை எம்மூரார் மறக்க இயலாது. பெருங்கணிப்பொறியின் அமைப்பும் பார்வைக்கு இத்தகையதே. ஓர் அறையிலுள்ள சிலர் தம்முன் இருக்கும் பொருளைப் பகிர்ந்துகொள்வர். வேறு அறையிலுள்ளது வேண்டுமாயின் ஒருவர் சுமந்து வரல் வேண்டும். பொறியிலும் ஒரு கணுவிலுள்ள கருக்கள் ஒரே நினைவகத்தைப் பகிர்கின்றன. அயற்கணுவிலுள்ள எண் வேண்டுமாயின் கம்பி வழியே செய்தியாக வரல் வேண்டும். இவ்வொப்புமையைக்கொண்டு, வேலை ஏன் தடைப்படுகின்றது என்பதை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதல் தடை, பிரிக்க இயலாத பங்கு. குழல் சுருட்டுதலை நூறு பேர் செய்யலாம். சரம் பின்னுதலை நூறு பேர் செய்யலாம். ஆனால் காலையில் போர்மென் வந்து அறைகளைச் சோதித்து, அன்றைய வேலையை வகுத்துக் கொடுக்கும் வரையில் அந்நூறு பேரும் காத்திருத்தல் வேண்டும். கணக்கிலும் இத்தகைய பங்கு உண்டு. தரவைப் படித்தல், விடையை எழுதி வைத்தல் போன்றவற்றைப் பழைய நிரல்கள் ஒரு கருவிடமே ஒப்படைத்திருக்கும். இப்பங்கு சிறிதாயினும் அதன் கேடு பெரிது என்பதை 1967-இல் ஜீன் அம்டால் என்பவர் எடுத்துக்காட்டினார். ஒருவர் செய்தால் 100 மணி நேரம் பிடிக்கும் வேலையில் 5 மணி நேரம் பிரிக்க இயலாதது என்று கொள்வோம். 18 கைகள் சேர்ந்தால் வேலை பத்து மணி நேரத்திற்குச் சற்று மேல் முடியும். விரைவு 18 மடங்கு அன்று, 10 மடங்கிற்கும் குறைவே. 100 கைகள் சேர்ந்தால் 17 மடங்கு எனலாம். பிரத்யூஷின் 1,19,232 கருக்களும் சேர்ந்தாலோ? 20 மடங்கே. அந்த 5 மணி நேரம் மலைபோல் நிற்கும். ஏனையோர் கைகட்டி நிற்பர். பிரிக்க இயலாத பங்கைப் பதினாயிரத்தில் ஒன்றாகக் குறைத்தாலும் விரைவு 10,000 மடங்கைத் தாண்டாது. நூறாயிரம் கருக்களுக்கு வேலை கொடுக்க விரும்புவோர், நிரலின் மூலைமுடுக்கெல்லாம் தேடி, ஒற்றை ஆள் செய்யும் வேலையைத் துடைத்தெறிதல் வேண்டும்.

இரண்டாவது தடை, பொருள் வந்து சேரும் வழி. நால்வர் வேலை செய்யும் அறையில் ஒரே பசைச்சட்டி இருந்தால், கை எவ்வளவு விரைந்தாலும் சட்டி அளந்து கொடுப்பதே வேகம். கரு ஒரு துடிப்பில் பல கணக்குகளைச் செய்யவல்லது. ஆனால் முதன்மை நினைவகத்திலிருந்து ஓர் எண் வந்து சேர நூற்றுக்கணக்கான துடிப்புகள் ஆகலாம். ஒரே வழியில் 18 கருக்களும் கை நீட்டினால் நெரிசல் மிகும். வானிலைக் கணக்கில் எண்கள் மிகப் பல. ஒவ்வோர் எண்ணின்மேலும் செய்யும் வேலையோ சிறிது. ஆதலின் கருக்கள் பெரும்பொழுதை எண்ணுக்காகக் காத்திருப்பதிலேயே கழிக்கின்றன. இதற்கு மருந்து, கைக்கு அருகில் சிறுகிண்ணம் வைத்துக்கொள்வதே. 'கேஷ்' என்னும் சிறு நினைவகம் அக்கிண்ணம் போன்றது. ஒருமுறை எடுத்து வந்த எண்ணைக்கொண்டு செய்யவேண்டிய வேலைகள் அனைத்தையும் அப்பொழுதே முடித்துவிட்டு அடுத்ததற்குச் செல்லுமாறு நிரலை மாற்றி எழுதினால், அதே பொறியில் அதே கணக்குப் பன்மடங்கு விரைவதுண்டு.

இதனோடு ஒட்டியது மற்றொன்று. தீப்பெட்டி ஆலையில் ஒவ்வொரு குச்சியாக மருந்தில் தோய்ப்பார் இலர். சட்டத்தில் அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே முழுக்கில் தோய்ப்பர். கருவும் ஒரு கட்டளையால் நான்கு அல்லது எட்டு எண்களை ஒருங்கே கூட்டவோ பெருக்கவோ வல்லது. ஆனால் குச்சிகள் சட்டத்தில் ஒழுங்காக நின்றாலன்றித் தோய்த்தல் இயலாததுபோல, எண்களும் நினைவகத்தில் வரிசையாக நின்றாலன்றி இவ்வாற்றல் பயன்படாது. சிதறிக் கிடக்கும் எண்களைக்கொண்ட நிரல் பொறியின் ஆற்றலில் சிறு பங்கையே பெறும்.

மூன்றாவது தடை, எல்லை. ஒரு கட்டத்தின் காற்று அண்டைக் கட்டத்தின் காற்றைப் பொறுத்தது. எனவே, பங்கிட்டுக்கொண்ட கருக்கள் அடிக்கு ஒருமுறை தம் எல்லையிலுள்ள எண்களை ஒன்றுக்கொன்று தெரிவித்தல் வேண்டும். பக்கத்திற்கு 100 கட்டங்களுள்ள சதுரத்தை ஒருவரிடம் கொடுத்தால் அவருக்கு உள்வேலை 10,000 கட்டங்கள். அயலாரிடம் கேட்டறிய வேண்டியவை 400. கைகளைப் பெருக்கி, பக்கத்திற்கு 10 கட்டங்களாகக் குறைத்தால் உள்வேலை 100. கேட்டறிய வேண்டியவை 40. முன்னர் இருபத்தைந்தில் ஒன்றாக இருந்த பேச்சு இப்போது ஐந்தில் இரண்டாயிற்று. நிலத்தை மேன்மேலும் பங்கிட்டால் வரப்பே மிஞ்சும் என்பது போன்றதே இது. இதனை ஓரளவு தவிர்க்க, ஒரு கணுவிலுள்ள கருக்களுக்குள் செய்தி அனுப்பாது நினைவகத்தைப் பகிர்ந்துகொள்வதும், கணுக்களுக்கிடையே மட்டும் செய்தி அனுப்புவதுமாகிய கலப்பு முறையைக் கையாள்கின்றனர். எல்லைச் செய்தி வந்துகொண்டிருக்கும்போதே உள்வேலையைச் செய்யுமாறும் அமைக்கின்றனர். சரக்கு வரும் வரையில் கைகட்டி நில்லாது கையிலுள்ளதைச் செய்யும் தொழிலாளியின் மதியே இது.

நான்காவது தடை, ஏற்றத்தாழ்வு. எல்லோர்க்கும் சமமான கட்டங்களைக் கொடுத்தாலும் வேலை சமமாவதில்லை. பகல் நிகழும் பாதியில் சூரிய ஒளியைக் கணக்கிட வேண்டும். இரவுப் பாதியில் வேண்டா. தெளிந்த வானத்தினும் மேகம் திரண்ட இடத்தில் கணக்கு மிகுதி. ஒவ்வோர் அடியின் முடிவிலும் அனைவரும் ஒன்றுகூடியே அடுத்த அடியைத் தொடங்க வேண்டுமாதலின், மிகப் பிந்தியவரின் வேகமே அனைவரின் வேகமாகின்றது. ரிச்சர்ட்சனின் தலைவர் நீல ஒளி வீசியதும் இதன் பொருட்டே. பகற்பகுதியில் சிலவற்றையும் இரவுப்பகுதியில் சிலவற்றையும் ஒரே கருவுக்குக் கலந்து கொடுத்துச் சமன் செய்வது ஒரு வழி.

ஐந்தாவது, தடை என்பதினும் பொறி எனத்தகும், கண்ணுக்குப் புலனாகாதது. கூட்டலில் வரிசை மாறினால் விடை மாறாது என்று இளமையில் கற்றோம். கணிப்பொறியில் அது முற்றும் உண்மையன்று. எண்ணின் முதல் மூன்று இலக்கங்களை மட்டும் வைத்துக்கொள்ளும் கணக்கர் ஒருவரை எண்ணுவோம். ஆயிரத்தோடு 4 சேர்த்தால் 1004; அவர் 1000 என்றே எழுதுவார். பின்னும் 4 சேர்த்தால் மீண்டும் 1000. ஆனால் முதலில் அவ்விரு நான்குகளையும் கூட்டி 8 ஆக்கி, அதனை ஆயிரத்தோடு சேர்த்தால் 1008. அவர் 1010 என்று எழுதுவார். கணிப்பொறி பதினைந்து பதினாறு இலக்கங்களை வைத்துக்கொள்ளினும் இயல்பு இதுவே. கருக்களின் எண்ணிக்கை மாறினால் கூட்டும் வரிசை மாறும். விடையின் கடைசி இலக்கம் மாறும். சிறு வேறுபாடும் நாளடைவில் வளர்ந்து வானிலையையே வேறாக்கும் என்பதை எட்வர்ட் லோரன்ஸ் 1963-இல் விளக்கினார். ஆகவே, விரைவைத் தேடுவோர் தாம் பெற்ற புதிய விடை பழைய விடையினின்று வேறுபட்டால், அது வரிசை மாற்றத்தால் வந்த சிறு வேறுபாடா, தாம் செய்த பிழையா என்று பிரித்தறிதல் வேண்டும். விரைவாகத் தவறுவதற்குப் பெரும்பொறி வேண்டுவதில்லை அன்றோ?

இத்தனை தடைகளையும் கேட்டோர் முயற்சியையே கைவிடலாமோ என எண்ணக்கூடும். 1988-இல் ஜான் குஸ்தாஃப்சன் என்பவர் வேறொரு கோணத்திலிருந்து நோக்கினார். பெரிய பொறி கிடைத்தோர் பழைய சிறு கணக்கையே அதில் செய்வாரல்லர். பெரிய கணக்கைச் செய்வர். தீபாவளிக்குப் பத்து மடங்கு சரக்குக் கேட்டாலும் போர்மெனின் காலைச் சோதனை பத்து மடங்கு நீளுவதில்லை; பகிரத்தக்க வேலையே வளர்கின்றது. கணக்குப் பெரிதாகும்போது பிரிக்க இயலாத பங்கு ஒப்புநோக்கச் சிறுத்துவிடுகின்றது. ஆயினும் வானிலைக்கு இந்த ஆறுதல் முழுதும் வாய்ப்பதில்லை. இடத்தைப் பங்கிடலாம், காலத்தைப் பங்கிடுதல் அரிது. பத்து மணிக்குரிய காற்றை அறிந்த பின்னரே அடுத்த நிமிடங்களின் காற்றைக் கணக்கிட இயலும். கட்டம் பாதியானால் அடிகள் இரட்டிக்கின்றன. அதே நேரத்தில் முடிக்க வேண்டுமாயின் ஒவ்வோர் அடியும் பாதி நேரத்தில் முடிதல் வேண்டும். ஆட்களைச் சேர்ப்பதோடு வேலை செய்யும் முறையையும் திருத்தினாலன்றி இது கைகூடாது.

இத்துறையில் நம் நாட்டார் புதியரல்லர். பெங்களூரிலுள்ள தேசிய வானூர்தி ஆய்வகத்தார் 1986-இலேயே பாய்பொருள் கணக்குகளுக்காகப் பல செயலிகளை இணைத்து 'ஃபுளோசால்வர்' என்னும் பொறியைச் செய்தனர். வேண்டிய ஆற்றலுள்ள பொறியை அமெரிக்கா விற்க மறுத்தமையால், 1988-இல் புனேயில் சி-டாக் நிறுவனம் தோன்றிற்று. அதன் 'பரம் 8000' 1991-இல் வெளிவந்தது. சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தார் 2004-இல் 144 கணிப்பொறிகளை அண்டை அயலோடு பேசுமாறு இணைத்து 'கப்ரு' என்னும் தொகுதியை அமைத்து, பருப்பொருளின் அடிப்படைத் துகள்களைப் பற்றிய கணக்குகளைச் செய்தனர். 2024 செப்டம்பரில் புனேயில் 'அர்கா'வும் நொய்டாவில் 'அருணிகா'வும் தொடங்கப்பெற்றன. அர்காவின் உச்ச ஆற்றல் 11.77 பீட்டாஃபிளாப்ஸ், ஒரு பீட்டாஃபிளாப்ஸ் என்பது நொடிக்குப் பத்துக் கோடி கோடிக் கணக்குகள். அப்பொறியில் இயங்கும் 'பாரத் முன்கணிப்பு முறை' 2025 மே 26-இல் நாட்டிற்கு அளிக்கப்பட்டது. முன்னர் 12 கி.மீ. ஆக இருந்த கட்டம் அதில் 6 கி.மீ. ஆயிற்று. மேலே யாம் எண்ணிப் பார்த்த எட்டு மடங்கு கணக்கு, காகிதத்தளவில் நில்லாது நம் நாட்டிலேயே நிறைவேறிவிட்டது.

ஆயினும் கட்டம் சிறுத்ததனாலேயே மழை தப்பாது பிடிபடும் என்று கூறுதல் பொருந்தாது. ரிச்சர்ட்சனின் கணக்குப் பிழைத்தது அவர் முறையால் அன்று. தொடக்க அளவீடுகள் ஒன்றோடொன்று இசையாமையே காரணம் என்று பின்னோர் கண்டனர். நல்ல அளவீடு, நல்ல கணிதம், நல்ல நிரல், நல்ல பொறி ஆகிய நான்கும் கூடினாலன்றி நல்ல முன்கணிப்பு இல்லை. இவற்றுள் பொறியைப் பணம் கொடுத்து வாங்கலாம். செய்தித்தாள்களில் அதன் படமும் வெளிவரும். நிரலைத் திருத்துவோரின் உழைப்போ வெளியே தெரிவதில்லை. பல ஆண்டுகளாகப் பலர் கைபட்டு வளர்ந்த இலட்சக்கணக்கான வரிகளுக்குள் புகுந்து, எங்கே ஒரு கரு ஏனையவற்றைக் காக்க வைக்கின்றது என்று தேடி, ஒரு வரியைத் திருத்தி, விடை மாறவில்லை என்று சோதித்து, மீண்டும் தேடுவது அவர்கள் தொழில். பழஞ்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் தேர்ந்த பதிப்பாசிரியரின் பொறுமை இதற்கு வேண்டும் என்று எனக்குத் தோன்றுகின்றது.

சென்ற விடுமுறையில் இவற்றையெல்லாம் என் அன்னையாருக்கு எடுத்துரைத்தேன். கணக்கர் நூறாயிரம் என்றபோது வியந்தார். ஒருவருக்காக அனைவரும் காத்திருப்பர் என்றபோது, "அது எங்கேயும் உள்ளதுதானே" என்றார். இறுதியில் அவர் கேட்டது ஒன்றே: "எல்லாஞ் சரிதான்ப்பா. மழைக்கு முந்திச் சொல்லிருமா?"

பல்கருச் செயலி பற்றிய அறிவுநூல்கள் அனைத்தும் விடைகூற முயலும் வினா இதுவே எனலாம். உலர்த்தப் பரப்பிய வெடியை ஒரு மணி நேரம் முன்னர் உள்ளே எடுப்பதும், ஆற்றங்கரையூர் மக்களை ஒரு நாள் முன்னர் மேட்டிற்கு அனுப்புவதும், மின்னலுக்கு முன் மருந்தறைகளை விட்டு ஆட்களை வெளியேற்றுவதும் அவ்விடையைப் பொறுத்தன. கைகளைப் பெருக்கியதோடு நம் கடமை முடிந்துவிடாது. ஒரு கையும் வீணே நில்லாதவாறு வேலையை வகுத்துக் கொடுக்கும் அறிவையும் நாம் பெருக்கிக்கொள்ளல் வேண்டும். நம் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் பயிலும் நண்பர்கள் இத்துறையில் புகுவாராக. புகுவோர், ஒவ்வொரு நொடியை மிச்சப்படுத்தும்போதும் அது யார் பொருட்டு என்பதை நினைவிற் கொள்வாராக.